மக்கிய தட்டையைக் கேட்டுப் போன நாள்

இன்று காலை ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனைத் திறந்ததும் வெந்த மக்காச்சோளத் தட்டையின் வாசனை முகத்தில் அடித்தது. நனைந்த வைக்கோலும் சவுக்காரமும் கலந்தாற்போன்ற வாசனை. உனக்குப் பிடித்தது, எனக்குக் குமட்டியது. மூடியைக் கையில் பிடித்தபடியே உன்னை நினைத்துக்கொண்டேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் இந்தக் கல்லூரியில் நாம் ஒரே நாளில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்தோம். கதிர் அறுத்தபின் மிஞ்சும் காய்ந்த தண்டான தட்டையிலிருந்து சர்க்கரை எடுப்பது நம் வேலை. முதலில் அமிலத்தில் வேகவைத்தோம். சர்க்கரை வந்தது, ஆனால் கருகி வந்தது. அதைப் புளிக்க வைக்க வேண்டிய ஈஸ்ட் அதில் பிழைக்கவில்லை. "அவசரப்பட்டா இப்படித்தாண்டி" என்றாய். உன் அப்பாவின் சேவுகம்பட்டித் தோட்டத்தில் மக்கிக் கிடந்த தட்டைக் குவியலிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தாய். தட்டையைக் காரநீரில் வேகவைத்து இளக்கி, அந்தப் பூஞ்சையின் நொதியை ஊற்றினால், நார் மெதுவாக அறுபட்டுச் சர்க்கரையாகக் கரைந்தது.

பிறகு பொங்கல் விடுமுறையில் மின்சாரம் போய்க் குளிர்பெட்டி நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் நம் பூஞ்சையை வைத்திருந்த எல்லாக் குழாய்களிலும் வேறு பூசணம் படர்ந்திருந்தது. அப்பாவுக்குப் போன் செய்தாய். குவியலை எப்போதோ உழுதுவிட்டதாகச் சொன்னார். நான் அழுதேன். நீ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்: "பக்கத்துத் தோட்டத்துல ஒரு குவியல் கெடக்கு. ஆனா அங்க போயி எப்படிக் கேக்குறது?"

அன்றுதான் எனக்கு முழுக்கதையும் சொன்னாய். நீ பள்ளியில் படித்தபோது உன் அப்பா தட்டைக்கு வைத்த தீ, காற்றில் வேலி தாண்டி, நீ பெரியப்பா என்று அழைக்கும் பக்கத்துத் தோட்டக்காரரின் தென்னைகளைக் கருக்கியிருந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மறுநாள் வத்தலக்குண்டில் பஸ் மாறிப் போனோம். அவர் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்தும் நிமிரவில்லை.

"பெரியப்பா, மக்குன தட்டை கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"படிப்புக்கு. ஒரு கை அள்ளுனாப் போதும்."

"உங்கப்பன் வச்ச தீயில காய்ச்ச மரமெல்லாம் போச்சு. தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா. நானும் கொடம் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேனே. இனிமே யாரும் தட்டைக்குத் தீ வைக்கக் கூடாதுன்னுதான் இதப் படிக்கிறேன்."

உன் குரல் நடுங்கியது. அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். நீ குவியலில் கை வைக்கப் போனதும், "ஏ தாயி, செத்த இரு! பாம்பு கெடக்கும்" என்று சத்தம் போட்டார். தானே ஒரு கம்பால் கிளறி, அடியிலிருந்து எடுத்து நம் பையில் போட்டுத் தந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய்.

அந்தக் குவியலிலிருந்து பல பூஞ்சைகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்று பழையதைவிட நன்றாகவே வேலை செய்தது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக் குழாயைக் கொதிநீரில் வைத்ததும் மஞ்சள் திரவம் செங்கல் நிறத்துக்கு மாற, என் தோளைக் கிள்ளிவிட்டாய். சர்க்கரைக் கரைசலை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப்போய் அவரிடம் காட்டினாய்.

"இனிக்குமா?"

"நாக்குல வச்சுராதீங்க பெரியப்பா, மருந்து கலந்துருக்கு. இதப் புளிக்க வச்சா ஆல்கஹாலாகும். பெட்ரோலோட கலக்கலாம்."

"அடி ஆத்தி, சாராயத்துக்கா எங்கிட்டத் தட்டை வாங்கிட்டுப் போன?" அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வருடமே உனக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் முடியெல்லாம் கொட்டிப்போய்ப் படுத்திருந்தாய். நான் உள்ளே வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "நம்ம பூஞ்சைக்குச் சாப்பாடு மாத்துனியாடி?" என்பதுதான். மாற்றினேன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன்னைத் தூக்கும் நேரத்தில் உன் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. வாசலில் கூட்டம் விலகியது. பெரியப்பா உள்ளே வந்தார். அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏலே, எந்திரி. நம்ம பிள்ளைய நாமதான கொண்டு போகணும்" என்றார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் உன்னைத் தூக்கினார்கள்.

நான் இப்போது இதே கல்லூரியில் வேலை பார்க்கிறேன். நம் முறை இன்னும் எந்த ஆலைக்கும் போகவில்லை. செலவு அதிகம் என்கிறார்கள். முயன்றுகொண்டுதான் இருக்கிறேன். மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குச் சுடரில் ஊசியைக் காட்டி ஆறவைத்து, அந்தப் பூஞ்சையிலிருந்து ஒரு துளியைப் புதிய குழாய்க்கு மாற்றுகிறேன். நடுக்கம் பிடித்த உன் குரலில் நீ கேட்டு வாங்கி வந்த உயிர் அது. இந்த மாதமும் மாற்றிவிட்டேன். நன்றாகப் படர்ந்திருக்கிறதடி.