ஆளுக்கு ஒரு காது

ஜூன் 4, செவ்வாய்

இல்லை, இந்தப் பாட்டுகளின் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். இன்று மதியம் கமா அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சும்மா சிரித்து வைத்தேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நாள் முழுக்க யார் யாரோ பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு எழுத்தாக்குகிறோம். கூட்டங்கள், பாட வகுப்புகள், விசாரணைகள். இடது காதில் ஒற்றை ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலை அழுத்தினால் ஐந்து நொடி பின்னால் போகும். கமா அக்கா நாங்கள் எழுதியதைச் சரிபார்ப்பவள். காற்புள்ளி இல்லாத இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும்.

"சோறு திங்கற நேரத்துலயாவது காத சும்மா விடேன்டி. அதுவும் புரியாத பாட்டு. சுவத்தப் பாத்துத் தலையாட்டற மாதிரி இருக்கு."

புரிந்துகொள்வதுதான் எனக்குச் சம்பளம், அக்கா. எட்டு மணி நேரம் புரிந்துகொண்டே இருக்கிறேன். ஆங்கிலப் பாட்டு கேட்டால் விரல்கள் தொடையில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகின்றன. பேருந்தில், எல்லோரும் பார்க்க. இந்தப் பாட்டில் ஒரு வாய் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, நாக்கு பல்லில் பட்டு விலகும் ஓசை இருக்கிறது. என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

இடது காது மாலைக்குள் வெந்துபோகும். அதனால் பாட்டு எப்போதும் வலது காதுக்கு.

ஜூன் 6, வியாழன்

நான்காவது பாட்டு. அந்தத் தொகுப்பில் அதை மட்டும் காலையில் மூன்று முறை. இரண்டாம் நிமிடத்துக்குச் சற்று முன்னால் பாடகி மூச்சிழுக்கும் இடம் – அடுத்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்தது போல.

ஜூன் 9, ஞாயிறு

கல்யாணமாகிப் பதினான்கு மாதம். எங்கள் இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் பேருந்தைத்தான் சொல்வேன்.

அவன் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறான். முன்னறையில் கண் பரிசோதிப்பவர் "எது தெளிவா இருக்கு, ஒண்ணா ரெண்டா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பின்னால் இவன் லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு அரைத்து உட்காரவைப்பான். இயந்திரத்தில் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். நகத்தடியில் எப்போதும் வெள்ளைத் தூள். கல்யாணமான புதிதில் நிறையப் பேசினான். பிறகு குறைந்துவிட்டது. ஆண்கள் அப்படித்தான் என்றார்கள்.

ஒரு நாள் மாலை நெரிசலில், என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த இடது இயர்போனை எடுத்து அவன் காதில் வைத்துக்கொண்டான். என்ன பாட்டு என்றுகூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து வலது எனக்கு, இடது அவனுக்கு. நாற்பது நிமிடம். நடுவில் வயர், கொடி போல. யாராவது இறங்கினால் இருவரும் சேர்ந்து சாய வேண்டும்.

ஒரு விளையாட்டும் இருக்கிறது. பாட்டு எதைப் பற்றி என்று சொல்ல வேண்டும். போனில் தேடிப் பார்க்கக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம்.

முதல் பாட்டு: "பல்வலி. பாரு, எப்படி இழுக்கறா."

இரண்டாவது: "வீட்டு ஓனரத் திட்டறா. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டாராம்."

நான்காவதுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான். "மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போறா. மழை வரும்னு நெனச்சா. வரல. ஆனாலும் எடுத்துட்டா. அவ்ளோதான்."

எனக்கு அது ஆறு.

"ஆத்துல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல. ஆறுதான்."

"ஆறு பாடுமா?"

"இது பாடுது."

ஜூன் 21, வெள்ளி

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் "வேலை இருக்கு, நீ போ" என்கிறான். மார்ச்சிலிருந்தே. இன்று நகங்களைப் பார்த்தேன். தூள் இல்லை. நடுவிரலில் பேனா மை.

ஜூன் 25, செவ்வாய்

ஏன் கேட்கவில்லை? கேட்டால் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அதை நான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு எவ்வளவுதான்.

இடது இயர்போன் மடியில் கிடந்தது. அதிலிருந்து எறும்பளவு சத்தம்.

ஜூலை 7, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். ஊர்க்கதை, பிள்ளைகளின் காய்ச்சல், மிக்சி ரிப்பேர். நடுவில் –

"அண்ணன் எப்படிப் படிக்கிறார் அண்ணி? பரீட்சைன்னாரே."

"எந்தப் பரீட்சை?"

"ஐயோ. ஒளறிட்டேனா? அண்ணி, சத்தியமா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க பாட்டு பாஷையக் கத்துக்கிட்டு உங்ககிட்ட அர்த்தம் சொல்லப் போறாராம். இந்த வயசுல அ, ஆ எழுதறார், பாவம்."

வேறு பெண் இல்லை. சீட்டு விளையாட்டு இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டும். அர்த்தம் வேண்டாம் என்று யாரிடம் சொல்வது.

ஜூலை 14, ஞாயிறு

வெயில் சாய்ந்த பிறகு பால்கனியில். ஆளுக்கு ஒரு காது. நான்காவது பாட்டு தொடங்கியதும் அவன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகம் முழுக்க ஒளித்துவைத்த சிரிப்பு.

"சொல்லட்டுமா?"

எதை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்குள் அவன் தொடங்கிவிட்டான்.

"'லிஃப்ட் ஆறாவது மாடியில நிக்குது. நீ எறங்கல. கதவு மூடுது, தொறக்குது, மூடுது –'"

"போதும்."

"இன்னும் நல்லா இருக்கு, கேளு. அடுத்த வரியில –"

"போதும்ப்பா."

"நாலு மாசம் போயிருக்கேன். வாரத்துக்கு ரெண்டு நாள்."

"நான் போகச் சொன்னேனா?"

அவன் இயர்போனைக் கழற்றி, வயரை நிதானமாகச் சுற்றி, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

ஜூலை 15, திங்கள்

நான் போகச் சொன்னேனா. இதைச் சொன்னது நான்தான். என் குரல்தான்.

ஜூலை 17, புதன்

ஆறு போய்விட்டது. இப்போது அந்தப் பாட்டில் லிஃப்ட் ஏறுகிறது, இறங்குகிறது. பொத்தான்கள் தெரிகின்றன. ஆற்றின் பாசி இல்லை.

ஜூலை 19, வெள்ளி

பேருந்தில் தனியாக. மற்ற நாட்களிலும் இப்போது அவன் முன் பேருந்திலேயே போய்விடுகிறான்.

இன்று என்னவோ, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். நான்காவது பாட்டு. இடப்பக்கம் ஒரு ஆண் குரல்.

நிறுத்தினேன். மறுபடி போட்டேன். ஆமாம். மிகத் தாழ்வாக, அவள் ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் யாரோ பதில் சொல்கிறான். இடது காதுக்கு மட்டும். வலப்பக்கம் அவன் இல்லவே இல்லை. வலதில் அவள் மட்டும், தனியாக, எதிரில் யாருமில்லாத ஆறு.

இத்தனை மாதமாக நாங்கள் ஒரே பாட்டைக் கேட்கவில்லை. அவனுடைய பாட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். நடந்து வந்தேன். இஸ்திரிக் கடை, மருந்துக் கடை, பூட்டிய பள்ளிக்கூடம் – எல்லாமே தண்ணீருக்குள் இருப்பது போல மெதுவாக.

இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நடந்தேன். கதவைத் திறந்தான். "சாப்பிட்டியா" என்றான். "ம்" என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

நடந்தத அப்படியே எழுதறேன்.

இன்னிக்கு வகுப்புக்குப் போகலையான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நல்ல மனசோடதான் கேட்டேன்.

"நான் எதுக்குப் போறேன்னு என்னிக்காவது கேட்டியா?"

"பாட்டுக்கு அர்த்தம் சொல்ல."

"அது மொதல்ல. அப்பறம்?"

எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். ஜன்னலச் சாத்தப் போனேன்.

"உனக்குப் பாட்டும் நானும் ஒண்ணுதான். சத்தம் போதும். உள்ள என்ன இருக்குன்னு வேணாம்." குரல் ஏறவே இல்ல. தட்டக் கழுவிக்கிட்டே சொன்னான். "புதுக் கிளையில மெஷின் மாட்டணுமாம். அடுத்த மாசம் பன்னண்டாம் தேதி. மூணு மாசம் அந்த ஊர்லயே இருக்கணும். சரின்னுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

சரின்னுதான் சொல்லியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும். மூணு மாசம்தானே. மூணு மாசம் போய் ஆறு மாசம் ஆகும், அப்பறம் அங்கயே ஒரு வீடு பாப்பான், நான் இங்க வயரச் சுத்திக்கிட்டு – என்ன எழுதறேன் நான்.

ஜூலை 24, புதன்

அவன் சொன்னதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்து நொடி பின்னால். ஐந்து நொடி பின்னால். எங்கேயும் பொய் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

கமா அக்கா தாளை என் மேசையில் போட்டாள்.

"என்னடி இது? ஒரே பக்கத்துல பதினோரு எடத்துல 'தெளிவாகக் கேட்கவில்லை'ன்னு போட்டிருக்க. அந்த மனுஷன் மைக்க முழுங்கிட்டா பேசறார்? தெளிவாத்தானே பேசறார்."

"தலைவலி, அக்கா."

"தலைவலிக்கு மாத்திரை இருக்கு. இந்த மூஞ்சிக்கு என்ன இருக்கு?" தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "சரி, அந்தப் பாட்ட எனக்கும் அனுப்பு. நடக்கப் போறப்ப கேக்கறேன். புரியலன்னா திட்டுவேன்."

அனுப்பினேன். லிஃப்ட் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சனிக்கிழமை அவனுக்கு வாய்மொழித் தேர்வு. வகுப்புகள் முடிந்துவிட்டன. பீரோ கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கேள்விக்கு ஒரு குரல், பதிலுக்கு ஒரு குரல். நான் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கோடு போட்ட தாளோடு வந்தான்.

"ஒரு ஒதவி. எனக்கு ஜோடியா படிக்கற ஆளுக்குக் காய்ச்சல். பன்னண்டு கேள்வி. தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். படிச்சா போதும்." பிறகு, "அர்த்தம் ஒண்ணும் தெரிய வேணாம்" என்றான். குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே தைரியம் சொன்னான்.

கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். முதல் கேள்வியைப் படித்தேன். என் வாயில் அந்த மொழி கூழாங்கல் போல உருண்டது. அவன் பெயரையும் வயதையும் சொன்னான் போல. இரண்டாவது, வேலை – நடுவில் 'லென்ஸ்' என்று வந்தது. மூன்றாவது.

மூன்றாவதுக்கு அவன் நிறுத்தவே இல்லை.

இவன் இப்படிப் பேசுவானா? கைகள் மேசையிலிருந்து எழுந்தன. தடுமாறினான், பின்னால் போனான், வேறு வழியாக வந்தான், எதற்கோ தானே சிரித்தான். குரல் அரைச் சுருதி மேலே. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நிலை அது, கண்ணை மூடிக்கொண்டு மிதந்திருக்கலாம். முடியவில்லை. அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், பூட்டிய கடைக்கு வெளியே நிற்பவளைப் போல.

முடித்தான். "அடுத்தது."

"இப்ப என்ன சொன்னே?"

"பரீட்சைப் பதில். விடு."

"சொல்லு."

"எதுக்கு? உனக்குத்தான் –"

"சொல்லேன்."

தாளை வாங்கி மடித்தான், பிரித்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் இறக்கினான். "'உங்க வீட்டப் பத்திச் சொல்லுங்க'ங்கறது கேள்வி. 'எங்க வீட்ல ரெண்டு பேர். என் மனைவி நாள் முழுக்க அடுத்தவங்க பேசறதக் கேட்டு எழுதறா. சாயங்காலம் வரும்போது அவ காது செவந்திருக்கும். அதனால நான் வீட்ல பேசறதக் கொறச்சுக்கிட்டேன். மொதல்ல கஷ்டமா இருந்துது, ஏன்னா எனக்குப் பேசப் பிடிக்கும். இப்ப செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வகுப்புல பேசறேன். தப்புத் தப்பாத்தான் பேசறேன். ஆனா நெறையப் பேசறேன்.'" மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "எட்டு வாக்கியம் வேணும்னு வாத்தியார் சொன்னார். அதான் இழுத்தேன்."

எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

"பேச வேணாம்னு யார் சொன்னா?"

"நீதான். கல்யாணமான மூணாவது மாசம். உள்ள வந்து செருப்பக்கூடக் கழட்டல. 'ஒரு மணி நேரம் என்கிட்ட யாரும் பேசாதீங்க'ன்னே. யாருமா? இருந்தது நான் ஒருத்தன்தான்." சிரிக்கப் பார்த்தான். "அந்த ஒரு மணி நேரம் எப்ப முடியும்னு நீ சொல்லவே இல்ல."

எனக்கு அந்த நாள் நினைவில்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன். இல்லவே இல்லை. ஏதோ ஒரு களைத்த நாளில் சொல்லிவிட்டு நான் தூங்கிப்போயிருக்கிறேன். அவன் ஒரு வருடம் விழித்திருக்கிறான்.

"முடிஞ்சிடுச்சு" என்றேன்.

மற்ற ஒன்பது கேள்விகளையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் என்ன சொன்னான் என்று கேட்டேன். தனக்குப் பிடித்த பழம் எது என்பதற்கு ஒரு முழுப் பொய் சொல்லியிருந்தான், அந்தப் பழத்தின் பெயர்தான் சொல்லச் சுலபமாம். காய் அப்படியே கிடந்தது. எட்டரைக்கு ரொட்டி வாங்கி வந்து சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

போக வேண்டாம் என்றேன். வார்த்தை கொடுத்தாகிவிட்டது என்றான். கொஞ்சம் கழித்து, "நீ சொன்னது நல்லா இருந்துது" என்றான்.

ஆகஸ்ட் 10, சனி

தேர்வு. வெளியே மர பெஞ்சில் காத்திருந்தேன். கதவு வழியாக அவன் குரல் மட்டும் வந்தது. மூன்றாவது கேள்வி வந்ததும் தெரிந்துவிட்டது. நீளமாகப் போனது. உள்ளே யாரோ சிரித்தார்கள்.

நான்காவது பாட்டின் மிச்சம் என்னவென்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதை அப்படியே விட்டுவிடுவது என்று இருவருக்கும் சம்மதம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை ரயிலில் போனான். அறை அப்படியே இருக்கிறது, ஒரு சட்டை மட்டும் கொடியில்.

ஆறரைக்குப் போன் வந்தது. புதுக் கடையின் பின்னறையில் குழாயே இல்லையாம். தண்ணீரில்லாமல் லென்ஸ் அரைக்க முடியாது, பக்கத்துச் சலூனிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்களாம். முதல் வாடிக்கையாளர் ஒரு தையல்காரர். பவர் மாறியிருக்கிறது, அவர் நம்பவில்லை. "என் கண்ணு எனக்குத் தெரியாதா" என்று சண்டை. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துப் பார்த்துவிட்டுத்தான் மறு பேச்சு என்று வெளியே போனாராம். முப்பத்தைந்து நிமிடம் பேசினான். பிறகு முதலாளி கூப்பிட, வைத்துவிட்டான்.

தையல்காரர் திரும்பி வந்தாரா என்று சொல்லவே இல்லை.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே போன் செய்து கேட்டேன்.