சிவப்பு விளக்கில் மட்டும் பேசிய ஓட்டுநரைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்
ரோஸ்லின் கொவாச்,
தலைமைச் சமையலர், வடகரைத் தொடக்கப்பள்ளி,
டோவ் தெரு, போர்ட் கெல்லர், ஒஹாயோ.
மற்றும் ஒன்பதாம் தடத்தின் காலைப் பயணிகள்.

பெறுநர்
திருமதி மார்சியா ஆல்ட்ரிட்ஜ் அவர்கள்,
இயக்க மேலாளர்,
நகரப் பேருந்துக் கழகம், போர்ட் கெல்லர்.

பொருள்: ஒன்பதாம் தடத்திலிருந்து மாற்றப்பட்ட ஓட்டுநர் திருமதி வனெட்டா க்ரிக்ஸ்பி மீது பதிவான புகாரை, குளிர்காலத் தடத் தேர்வுக்கு முன் நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் இரண்டாவது மனு இது. டோவ் தெரு நிறுத்தத்துக்குப் பெஞ்சு கேட்டு எழுதியது முதலாவது. பெஞ்சு வந்தது, நன்றி. கோணலாக வந்தது என்பதை அப்போது எழுதாமல் விட்டேன். ஆகவே தொட்டதற்கெல்லாம் புகார் எழுதுகிறவள் என்று தாங்கள் என்னை நினைக்க வேண்டாம்.

2. திருமதி க்ரிக்ஸ்பி பல ஆண்டுகள் ஒன்பதாம் தடத்தில் விடியற்காலை வண்டியை ஓட்டியவர். ஏறுகிற அனைவரையும், தன்னைவிட மூத்தவர்களையும்கூட, "கண்ணு" என்றுதான் அழைப்பார். ஊரில் எல்லோரையும் போல அவரும் நம் அணியின் தீவிர ஆதரவாளர். வண்டியில் கால்பந்து விவாதம் நடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வைத்திருந்த விதியைத் தாங்கள் அறிய வேண்டும். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது மட்டுமே பேசுவார். பச்சை விழுந்தால் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார். "அந்தப் பையனோட இடது முழங்கால் இருக்கே, அது..." என்று நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்த முழங்காலுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அடுத்த சிவப்பு வரை வண்டி முழுவதும் தவித்துக் கிடப்போம். பேருந்தில் போய்க்கொண்டு, எல்லா விளக்கும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். சரக்கு ரயில் கடக்கும் கேட்டு மூடியிருந்தால் அன்று எங்களுக்குத் திருவிழா. பெரிய தீர்ப்புகள் எல்லாம் அங்கேதான் வழங்கப்பட்டன.

3. தாங்கள் சென்ற கோடையில்தான் அரிசோனாவிலிருந்து இங்கு வந்தீர்கள் என்றும், கால்பந்தில் நாட்டமில்லாதவர் என்றும் தங்கள் செயலாளர் சொன்னார். அது தங்கள் விருப்பம், நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி எழுதுகிறேன். நான் சொல்வது பந்தைக் கையால் பிடித்தும் எறிந்தும் ஆடும் நம் நாட்டுக் கால்பந்து. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் எல்லா அணிகளும் முறை வைத்து, சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். தோற்ற அணிக்கு முதல் முறை என்பதால் நம் ஊருக்குப் பெரும்பாலும் நல்ல இடமே கிடைக்கிறது. கிடைத்த இடத்தில் யாரை எடுத்தார்கள், எடுத்தது சரியா என்பதுதான் அடுத்த ஏப்ரல் வரை எங்களுக்குப் பேச்சு.

4. இந்த ஏப்ரலில் நம் அணி இரண்டாம் சுற்றில் ஓவன் டெல்ஃபோர்ட் என்ற இளைஞரை எடுத்தது. அவர் பந்தைப் பிடிப்பவரும் அல்லர், எறிபவரும் அல்லர். நம் ஆட்கள் முன்னேற முடியாமல் மாட்டிக்கொள்ளும்போது வந்து, பந்தை எதிராளியின் எல்லைப் பக்கம் உயரத் தூக்கி உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்பவர். இப்படிப்பட்ட ஆளைக் கடைசிச் சுற்றில் எடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். இரண்டாம் சுற்றில் எடுத்தது ஊரையே கொதிக்க வைத்தது.

5. மில் தெருவில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் திரு. கஸ் ஹலஸ்கா எங்கள் வண்டியின் முன் இருக்கைக்காரர். மறுநாள் காலை ரயில்வே கேட்டில் அவர் எழுந்து நின்று சொன்னது: "வீடு வாங்கக் குடுத்த காச எடுத்துட்டுப் போயி குடை வாங்கிட்டு வந்திருக்கானுங்க." வண்டி முழுவதும் கை தட்டியது. நானும் தட்டினேன். திருமதி க்ரிக்ஸ்பி மட்டும் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "நாம இருக்கறது மழை பெய்யற ஊரு கண்ணு" என்றார். வண்டியில் அவருக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை. இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டே வரும் செவிலியர் பெர்னிஸ்கூட ஒரு கண்ணைத் திறந்து எதிராகக் கை தூக்கினார். ஓட்டுநர் அசையவில்லை. "இந்த ஊர்ல நவம்பர்ல ஏரிக்காத்து அடிக்கறப்ப எவன் பந்து எறியறான்னு நானும் பாக்கறேன்" என்றார். கேட்டு திறந்துவிட்டது.

6. இந்தச் சண்டை மே மாதம் முழுவதும் ஓடியது. ஒரு நாள் வாதத்தில் மடக்கப்பட்ட கஸ், வண்டியில் மாட்டியிருக்கும் புகார்ப் பெட்டிக்கான தாளை உருவி, "ஒன்பதாம் தட ஓட்டுநர் இரண்டாம் சுற்றில் உதைப்பவரை எடுத்தது சரி என்கிறார், இப்படிப்பட்டவரை நம்பிப் பொதுமக்கள் எப்படி வண்டி ஏறுவது?" என்று எழுதி, எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டி, பெட்டியில் போட்டார். எழுதுவதற்குப் பேனா கொடுத்தவரே திருமதி க்ரிக்ஸ்பிதான். அன்று அவர் சிரித்த சிரிப்பில் வண்டியை நிறுத்தத்திலிருந்து எடுக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

7. அம்மையீர், தங்கள் அலுவலகத்தில் அந்தத் தாளைப் படித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது தாங்கள் பொறுப்பேற்பதற்கு முன் நடந்தது. படித்தவர் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. எழுத்தில் புகார் வந்தால் ஓட்டுநரைத் தடம் மாற்ற வேண்டும் என்பது விதியாம். விதிப்படி மாற்றிவிட்டார்கள். விமான நிலையத் தடத்துக்கு, ஊரின் மறு கோடிக்கு. பயணிகளோடு பேசக் கூடாது என்ற எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். திரு. ஹலஸ்கா மறு வாரமே தங்கள் முகப்புக்கு ஓடி, "அது வெளையாட்டுக்கு எழுதினதும்மா, குடுத்துடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். எழுதியவர் திரும்பப் பெற வழியில்லை, மேலாளர்தான் நீக்க முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

8. இப்போது எங்கள் வண்டியை ஓட்டும் இளைஞர் ட்ரென்ட் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மரியாதையானவர், பிரேக்கை மெதுவாகப் போடுகிறார். அவர் பக்கத்து மாநில அணியின் ஆதரவாளர் என்பது அவர் பிறந்த இடத்தின் குற்றம். ஆனால் அவரோடு எதைப் பேசுவது?

9. சென்ற மாதம் ஏரிப்பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் எவராலும் பந்தை எறிய முடியவில்லை. ஓடியவர்கள் வழுக்கி விழுந்தார்கள். டெல்ஃபோர்ட் வந்தார், உதைத்தார். பந்து போய் எதிராளியின் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. மறுபடி வந்தார், மறுபடி அதே இடம். மூன்றாவது தடவையும் அங்கேயே போய் விழுந்தபோது, எதிராளிகள் தங்கள் மூலையை விட்டு வெளியே வர முடியாமல் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டார்கள். அதற்கு நமக்கு இரண்டு புள்ளி. அன்றைக்கு விழுந்த மொத்தப் புள்ளியே அவ்வளவுதான். இரண்டுக்குப் பூஜ்யம். உதைக்கிற பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் சட்டை இல்லாமல் பனியில் உருண்டவர்களின் பெயரை எழுதினால் அவர்கள் மனைவிமார் கோபித்துக்கொள்வார்கள்.

10. மறுநாள் காலை எல்லோரும் அணியின் தொப்பியோடு ஒன்பதில் ஏறினோம். எல்லோர் முகத்திலும் பல். ரயில்வே கேட்டு மூடியிருந்தது. பழக்க தோஷம், அத்தனை பேரும் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தோம். அதில் ட்ரென்ட் இருந்தார். அவர் பாவம், அவருடைய அணிதான் தோற்றிருந்தது. சரக்கு ரயில் முழுதும் கடக்கும் வரை பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். கடைசிப் பெட்டி போன பிறகு கஸ் சொன்னார்: "ஏழு மாசமா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கலாம்னு வந்தா, கேக்க வேண்டிய ஆளு இல்லையே." எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் கணவரை இழந்தவள். வீட்டில் என்னோடு வாதாட ஆளில்லை. காலையில் எழுந்ததும் "நீ சொல்றது சுத்த அபத்தம் கண்ணு" என்று யாராவது சொன்னால்தான் எனக்கு நாள் தொடங்குகிறது. அதை இழந்துவிட்டேன் என்று அந்த ரயிலைப் பார்த்தபடி தெரிந்துகொண்டேன்.

11. ஆகவே சனிக்கிழமை நான், கஸ், பெர்னிஸ் மூவரும் இரண்டு வண்டி மாறி விமான நிலையத் தடத்தில் ஏறினோம். திருமதி க்ரிக்ஸ்பி எங்களைப் பார்த்தார். தலைக்கு மேலே இருந்த 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்ற அறிவிப்பை விரலால் காட்டிவிட்டுச் சாலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சிவப்பு விளக்குகள் வந்தன, போயின. ஒரு சொல் பேசவில்லை. கஸ் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். தங்கள் விதியைத் திருமதி க்ரிக்ஸ்பி எப்படிக் காத்தார் என்பதற்கு நாங்கள் மூவரும் சாட்சி.

12. கடைசி நிறுத்தத்தில், பணி விதிப்படியான ஓய்வு நேரத்தில், அவர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். தரையில் கால் வைத்ததும்தான் பேசினார். "என்ன கஸ், குடை நனைஞ்சுதா?" என்றார். கஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நான் தோத்துட்டேன் வனெட்டா. நீ சொன்னதுதான் சரி" என்றார். முப்பது ஆண்டுகளாக அவரிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள் யாரும் அவர் வாயிலிருந்து இப்படியொரு சொல்லைக் கேட்டதில்லை. திருமதி க்ரிக்ஸ்பி கேட்டுக்கொண்டார், பெரிதாகக் கொண்டாடவில்லை. உடனே, "அது இருக்கட்டும், மூணாவது சுத்துல எடுத்தாங்களே ஒரு தடியன், அவன் நிக்கற நிப்பப் பாத்தியா? பஸ்ஸுக்குக் காத்திருக்கறவன் மாதிரி" என்றார். கஸ் துள்ளிக் குதித்து, "அவன்தான் இந்த வருஷத்துலயே நல்ல தேர்வு" என்றார். அவ்வளவுதான். கொட்டுகிற பனியில் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினோம். நான் கொண்டுபோயிருந்த, வால்நட் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே கத்தினோம். (ஓட்டுநர் ஒரு துண்டுதான் எடுத்தார். அதை அன்பளிப்பாகக் கருத வேண்டாம்.) எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. வண்டி குறித்த நேரத்தில் கிளம்பியது.

13. கிளம்புமுன், "திரும்பி வருவியா?" என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினெட்டாம் தேதி எங்களுக்குக் குளிர்காலத் தடத் தேர்வு கண்ணு. மூப்புப்படி ஒவ்வொருத்தரா பலகைகிட்டப் போயி வேண்டிய தடத்த எடுத்துக்கலாம். என்மேல புகார் இருக்கறதால நான் ஒம்போத எடுக்க முடியாது. அது நீங்கினா யோசிப்பேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இங்க யாரும் என்னோட மல்லுக்கு நிக்கறதில்ல. நிம்மதியாத்தான் இருக்கு."

14. அம்மையீர், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான பையன்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். இவன் தேற மாட்டான், அவனை யார் எடுப்பார்கள் என்று வாய் கூசாமல் பேசியிருக்கிறோம். தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது எங்களுக்கு அது வந்திருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது? கோணல் பெஞ்சு, மூடியே கிடக்கும் ரயில்வே கேட்டு, வாயாடிகள் கொஞ்சம் பேர். விமான நிலையத் தடத்தில் வண்டியும் புதிது, சாலையும் நல்ல சாலை.

15. ஆகவே திருமதி க்ரிக்ஸ்பியை எங்களிடம் அனுப்பி வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது முறையல்ல. அந்தப் புகார் ஓட்டுநரின் நடத்தை பற்றியதல்ல, கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றியது என்பதைத் தாங்கள் ஒரு முறை படித்துப் பார்த்து, பதினெட்டாம் தேதிக்குள் அதை நீக்கித் தர வேண்டும். அவர் பலகை முன் நிற்கும்போது ஒன்பதாம் எண்ணும் அவருக்குத் திறந்திருக்க வேண்டும். எங்கள் வேண்டுகோள் அவ்வளவே. எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். அவர் வேறு தடத்தை எடுத்தால், அது மோசமான தேர்வு என்று வசந்த காலம் வரை பேசிக்கொண்டிருப்போமே தவிர, தங்களை மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம்.

16. பதினெட்டாம் தேதி காலை, தேர்வு நடக்கும் தங்கள் பணிமனையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, நடைபாதையில், அணியின் சட்டையோடு சுமார் இருபது பேர் நிற்போம் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறேன். உள்ளே வர மாட்டோம். அவர் ஒன்பதை எடுக்கும் பட்சத்தில் எழக்கூடிய சத்தத்துக்கு இப்போதே மன்னிப்புக் கோருகிறேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
ரோஸ்லின் கொவாச் (ஒப்பம்)

இடம்: போர்ட் கெல்லர்
நாள்: டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை

உடன் ஒப்பமிடுபவர்: கஸ் ஹலஸ்கா. மேற்கண்ட புகாரை எழுதியவன் நானே. டெல்ஃபோர்ட் விஷயத்தில் ஓட்டுநர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தாளின் நகலை அவர் கையில் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டு வண்டியில் மாட்டிவிடுவார்.