பேரம் படிந்தால் ஒரு டீ

ஷார்ஜாவில் புதுப் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு இதைப் படிக்கும் என் பைரோஜாவுக்கு, ஸலாம்.

கடையை விற்கப் போவதில்லை. போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடு.

ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மிளகாய் மூடையில் சாய்ந்தபடியே தூங்கிப் போனேன். வயசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ‘உடம்புக்கு என்ன?’ என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் லைன் சரியில்லை என்றது பொய்.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். இரும்புச் சத்து அடிமட்டம். வயிற்றில் புண் எதுவும் இல்லை என்றும் பார்த்துவிட்டார்கள். நர்ஸ் ஜெனிட்டா கேட்டார்:

“பாய், ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்கீக?”

“பேரம் படிஞ்சா ஒரு டீ. சீசன்ல பதினஞ்சு ஆகும்மா.”

“மத்தியானச் சோறு?”

“அதுக்கு எங்க நேரம்? வடையும் டீயுந்தான்.”

“அப்ப ஒங்களுக்கு வயசாகல பாய், வியாபாரம் ஆயிருக்கு!”

சாப்பாட்டோடு குடிக்கும் டீ, சத்தை உடம்பில் சேர விடாதாம். இப்போது மாத்திரை, ஈரல், முருங்கைக்கீரை. பேரம் படிந்தால் எலுமிச்சைச் சர்பத். ஆமத்தூர் தரகர், “டீ குடுக்காத கடைக்கு இனி வரமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தம்ளருக்குக் கை நீட்டினார்.

இன்று காலை ஒரே மூச்சில் மாடி ஏறி, உன் பட்டுச்சேலைகளுக்கு வெயில் காட்டினேன்.

பேறுகாலத்து நாற்பது நாள் கழிந்தாலும் அவசரமில்லை, மெதுவாக வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

உன் வீட்டுக்காரன்