வெளி ஆள் ஒருவரும் வரவில்லை

எத்தாளை,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

அன்புள்ள நிசாந்தி அக்காவுக்கு,

இத்தாலியில் நீங்கள் உடல்நலத்தோடு இருக்க புனித அன்னம்மாளை மன்றாடிக்கொண்டு பிரியதர்சினி எழுதுவது. எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். காற்றுதான் நிற்கவில்லை, தோட்டத்து மணல் சோற்றுக்குள்ளும் வருகிறது. லீவில் வந்த ஷானிகா வியாழக்கிழமை அங்கே திரும்புவதால் இதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். வட்சப்பில் எழுதினால் பஸ்ஸில் நின்றபடி வாசித்துவிடுவீர்கள். தயவுசெய்து இருந்து வாசியுங்கள்.

அன்ரனிப்பிள்ளை அண்ணர் செத்ததும், அவருடைய மருமகன் தர்சனைப் பொலிசார் பிடித்து மறியலில் போட்டதும் உங்களுக்கு எட்டியிருக்கும். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர், தேறி வந்தவர், திடீரென்று போனதை வைத்தியர் ஏற்கவில்லை. வெட்டிப் பார்த்ததில் வயிற்றில் பூச்சிமருந்து இருந்ததாம். தர்சன் ஒருநாள் குடித்துவிட்டு மீன்வாடியடியில் நின்று, "கிழவா, நீயாச் சாகாட்டி நான் சாக்காட்டுவன்" என்று கத்தியதை ஊரே கேட்டிருந்தது. இப்போது அவன் மனைவி அப்பாவுக்கு அழுவதா புருஷனுக்கு அழுவதா என்று தெரியாமல் இருக்கிறாள்.

பொலிசார் வாக்குமூலங்களைச் சிங்களத்தில் எழுதினார்கள். மொழிபெயர்க்கப் பிரதேச செயலகத்திலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். பதினொரு பேர். அவரோடு யாருக்குக் கோபம் என்று கேட்டார்கள். எல்லோரும் தர்சனைச் சொன்னார்கள். வீட்டுக்கு வெளி ஆட்கள் வந்தார்களா என்று கேட்டார்கள். ஒருவரும் வரவில்லை என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, அக்கா. மூன்று கிழமையாக அங்கே தங்கி அவருக்குக் கஞ்சி பருக்கியது உங்கள் அம்மா. பாக்கியம்மா மாமியை இந்த ஊரில் யார் வெளி ஆள் என்பார்கள்? எனக்கும் தோன்றவில்லை. பதினொரு தரம் அதையே நான் சிங்களத்தில் சொன்னேன்.

கம்பசில் கடைசி வருடம் நான் எழுதிய ஆய்வு நினைவிருக்கிறதா? ஒருவர் பின் ஒருவராகப் பலரைக் கொல்பவர்களில் ஆண்களின் மனமும் பெண்களின் மனமும் எங்கே வேறுபடுகின்றன என்பது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். மாமிதான், "கொலைகாரரைப் படிக்கவோடி இவ்வளவு தூரம் போனனீ, மீன் சந்தையில நிண்டாக் காணாதோ" என்று கேட்டுச் சிரித்தார். ஆண்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போகிறார்கள் என்று எழுதினேன். பின்தொடர்கிறார்கள், பிடிக்கிறார்கள், அதில் கோபமோ காமமோ இருக்கிறது. பெண்கள் பெரும்பாலும் எங்கும் போவதில்லை. தங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள்தான் சாகிறார்கள். அது நோய் போலவே இருப்பதால் வருடக்கணக்கில் யாரும் சந்தேகிப்பதில்லை. காரணம் அநேகமாகச் சொத்துத்தான் என்று புத்தகங்கள் சொன்னதையும் எழுதினேன்.

மாமி யாரிடமும் ஒரு சேலைகூட வாங்கியதில்லை. அந்த இடத்தில் என் ஆய்வு பொருந்தவில்லை. பொருந்தாததைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை பேசாமல் இருந்தேன்.

ஆனால் சாகக் கிடப்பவருக்கு நோயிற்பூசுதல் கொடுக்கக் கோவில் சுவாமியைக் கூப்பிடும் நாளை, தான் நோயாளி பார்க்கும் எல்லா வீடுகளிலும் மாமிதானே சொல்லுவார். சொன்னால் மறுநாள் உயிர் தப்பாது. வரம் என்றார்கள் ஊரில். அன்ரனிப்பிள்ளை அண்ணருக்காகச் சுவாமியிடம் போனது நான். காலையில் எழுந்திருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டவருக்கு எதற்கு என்று கேட்டேன். நாளைக்குத் தாங்கமாட்டார் என்றார் மாமி. போன வருடம் வேறு இரண்டு வீடுகளிலும் இப்படித்தான். உங்கள் அப்பாவுக்கும் நாளைச் சொன்னது மாமிதான் என்று நீங்களே ஒருமுறை பெருமையாகச் சொன்னீர்கள். அதைப் பற்றி நான் இதற்குமேல் எழுதவில்லை.

நேற்றுப் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை; பக்கத்தில் இருந்து அழுதேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கிடக்கிறவை படுற பாடோ, நான் படுற பாடோ, எதைப் பாக்கேலாமப் போச்செண்டு எனக்கே தெரியேல்லை, பிள்ளை." பிறகு எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிடவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிய நாளெல்லாம் அந்தக் கையால்தான் சாப்பிட்டுப் போனேன். சோற்றுக் கோப்பையை நான் தள்ளி வைத்ததை மாமி பார்த்தார்.

போன கிழமை கோவில் மூப்பர் வீட்டார் படுக்கையில் இருக்கும் தாயாரைப் பராமரிக்க மாமியைக் கேட்டு வந்தார்கள். மாமிக்குக் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சந்தேகம் வந்த நாளிலிருந்து தினமும் பின்னேரம் மாமியோடு போய் இருக்கிறேன். இப்படி எத்தனை நாள் காவல் இருப்பது? களைத்துப் போனேன், அக்கா.

தர்சனின் வழக்குத் தவணை பத்தொன்பதாம் திகதி. அதற்கு முதல் நாள் நான் பொலிசுக்குப் போவேன். இந்த முறை மொழிபெயர்க்க அல்ல. மாமியிடமும் சொல்லிவிட்டேன், சரி என்று தலையாட்டினார். ஊரில் யாரும் சொல்ல முன்னர் நீங்கள் என்னிடமிருந்து அறியவேண்டும் என்றுதான் இதை எழுதினேன். என்னைத் திட்டுங்கள், ஆனால் வரமுடிந்தால் வாருங்கள். மாமிக்கு வேறு யாரும் இல்லை.

நீங்களும் அங்கே நடக்கமுடியாத ஒரு அம்மாவை இரவு பகலாகத் தனியே பார்க்கிறீர்கள். மாமி சொன்னது எனக்கு விளங்குவதைவிட உங்களுக்கு நன்றாக விளங்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. வரமுடியாவிட்டால், இதை வாசித்ததும் அந்த வீட்டாரிடம் லீவு கேளுங்கள், அக்கா. அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் வேறு யாரையாவது இருத்திவிட்டு, ஒரு நாள் முழுக்க உறங்குங்கள்.

உங்களுக்காக மன்றாடும் தங்கை,
பிரியதர்சினி