ஒருத்தர் ஓட்டும் படகு

ஃபுஜைரா நங்கூரத் துறை,
8 ஜூலை 2024

அன்புள்ள கெசியா,

ஆண்டவர் உன்னைச் சுகமாய் வைத்திருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தாலே சண்டையில் முடிகிறது. அதனால்தான் மெயிலில் கடிதம், கோபிக்காதே.

டிசம்பரோடு எனக்கு ரிட்டயர்மென்ட். சீஃப் ஆபிசர் ஆபேல் அதோடு கப்பலை விட்டு இறங்குகிறான். பிறகு நமக்கென்று ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கலாம் என்று ஆசை. பொழிச்சலூர் பத்ரிநாராயணன் என்பவர் தன் பழைய படகை விற்கிறார். கீல் வைத்த படகு. அதாவது, அடியில் தொங்கும் கனத்த இரும்பு. காற்றில் சாயும், ஆனால் கவிழாது. முட்டுக்காட்டில் அதற்கு ஆழம் போதாது என்பதால் சென்னைத் துறைமுகத்துக்குள் நிறுத்தியிருக்கிறார். காலையில் போய்ச் சாயங்காலம் வரலாம். காற்று ஒத்துழைத்தால் புதுச்சேரி வரை போய்த் தங்கியும் வரலாம், நீயும் நானும்.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. உள்ளே தண்ணீர் கசிகிறதா, மிதிக்கும் இடம் அமுங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

உன்
ஆபேல்

கிழக்குத் தாம்பரம்,
14 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் சுகம், என் முழங்கால் வலியும் சுகம். வாரம் முழுக்க ஸ்கூலில் கத்தி ஓய்ந்து, ஊறவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனேன்.

படகு நன்றாகத்தான் இருக்கிறது. கசிவு இல்லை, மிதித்த இடமெல்லாம் கெட்டி. ஏறுவதற்குக் கை கொடுத்த ஆள், "இன்னாம்மா, பயமாக்கீதா? கெட்டியா புட்ச்சிக்கோ" என்றார். பயமில்லை, அலுப்பு. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பத்ரி சார் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். "கயிறு எல்லாமே பின்பக்கம் வந்துடும் மேடம். உட்கார்ந்த இடத்துலேருந்து ஒருத்தரே பார்த்துக்கலாம். உங்க சார் மெயில்ல மொதல்ல கேட்டதே அதைத்தானே? ஒருத்தர் தனியா ஓட்ட முடியுமான்னு."

எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

எனக்கு "நீயும் நானும்" என்று எழுதுகிறீர்கள். அவரிடம் ஒருத்தர் என்று கேட்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்களைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இந்த டிசம்பருக்காகக் காத்திருக்கிறேன். வந்து மறுபடியும் தனியாகப் போகப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் அத்தான். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

கெசியா

ஃபுஜைரா,
29 ஜூலை 2024

அன்புள்ள கெசியா,

இத்தனை நாள் பதில் எழுதத் தைரியம் வரவில்லை.

பத்ரி சாரிடம் அப்படிக் கேட்டது உண்மைதான். மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறினால் கேளம்பாக்கம் வருவதற்குள் வாந்தி எடுப்பவள் நீ. உன்னைப் படகுக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிடாமல் விடவும் மனசு வரவில்லை. அதனால்தான் உனக்கு ஒரு மாதிரி, அவருக்கு ஒரு மாதிரி எழுதினேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. லீவில் வந்தால் முதல் வாரம் கோழிக் குழம்பு, ராஜ மரியாதை. மாதம் ஒன்று போனதும் நம் வீட்டிலேயே நான் விருந்தாளி. கப்பல் பழக்கத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து மொட்டை மாடியில் வாட்ச் நிற்கிறேன், மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டினேன், நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதெல்லாம் லீவு முடிந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. இனி இந்த லீவுக்கு முடிவே கிடையாது. பகல் முழுக்க நான் எங்கே போய் நிற்பேன்?

படகு இருந்தால் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கும், அவ்வளவுதான். உன்னை விட்டுப் போக இல்லை. நீ வேண்டாம் என்றால் பத்ரி சாருக்கு எழுதிவிடுகிறேன்.

ஆபேல்

கிழக்குத் தாம்பரம்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன். டப்பாவில் பெயர் ஒட்டியதற்காக நான் கோபிக்கவில்லை. ஒட்டியதில் பாதி தப்பு. சோம்புக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் எப்படித்தான் இத்தனை பெரிய கப்பலில் சரக்கு ஏற்றினீர்களோ!

நம் தெருவில் சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் கேட் திறக்கும் சத்தம் வரும். எதிர்வீட்டு ரேஷ்மா, "அவர் வந்துட்டார் ஆன்ட்டி, காபி போடணும், வரேன்" என்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். அப்படி ஓட எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை. நீங்கள் ஜனவரியில் வந்திருக்கிறீர்கள், ஆகஸ்டில் வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் என்று வந்ததே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில்.

நேற்றே பத்ரி சாருக்குப் போன் செய்து, படகை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். தனியாகவே ஓட்டுங்கள். நான் வரவில்லை.

ஆனால் புதுச்சேரி கிடையாது. படகுக்குள் படுப்பதற்கு ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். அதை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உங்கள்
கெசியா