நான் அளந்த காய்ச்சல்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் பதினோரு ஆண்டுகள் அரும்பணியாற்றிய மிக்சி, இன்று காலை தேங்காய்ச் சட்னி பாதியில் இருக்கும்போது காலமானது. அம்மா ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறாள். இட்லி அதைவிட ஆழ்ந்த துயரத்தில்.

மோட்டார் காயில் கருகிய வாடை வீடு முழுக்க நிற்கிறது. உனக்குப் பிடித்த வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்தும் இடத்தில் நீ மட்டும் குனிந்து மோந்து பார்த்து, "வைண்டிங் போச்சுடா" என்று நாடி பிடித்தவள் மாதிரி சொல்வாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி, ஒரே வகுப்பு, என் குறும்புகளில் பாதிப் பங்காளி. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் நீ ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் என்றாய், நான் நர்சிங் என்றேன். "நீ வயரைப் பாரு, நான் வயித்தைப் பாக்கறேன்" என்றேன். நீ சிரித்தாய். இரண்டு வீட்டிலும் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "போஸ்ட்டு மேல நீ ஏறுவ, கீழ நின்னு ஊரு வேடிக்கை பாக்கணுமா?" என் அம்மா, "ஆம்பளப் புள்ளைக்கு ஊசியும் பஞ்சும் எதுக்குடா?" என்றாள். என் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நீ விடவில்லை. பதினைந்து நாள் வாதாடியபின் உன் அப்பா இறங்கி வந்தார், ஒரே ஒரு படி. "இந்த ஒரு தடவைதான். கவுன்சலிங்ல சீட்டு கெடச்சா போ. இல்லன்னா பி.காம். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அந்த மாதம் மழை விட்டு விட்டுப் பெய்தது. தெருவில் மூன்று வீட்டில் காய்ச்சல். கொசுப்புகை அடிக்கும் வண்டி இரண்டு தரம் வந்து போயிருந்தது. கவுன்சலிங்குக்கு முந்தைய மாலை மைன்ஸில் வெடி வைத்தார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்கு எப்போதும் ஒரு குத்தாட்டம் போடுவாய். அன்று போர்வைக்குள் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முழங்கைக்குக் கீழே பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"கொசுடா" என்றாய். என்னவென்று நான் கேட்கவே இல்லை.

"மேலு கொதிக்குது. இத வச்சிகினு கடலூருக்கு எப்படிடி போவ?" என்றார் உன் அம்மா.

"நாளைக்குப் போகலன்னா செத்தேம்மா."

ஆன்ட்டி அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். "நர்சு தம்பி, நீயே பாத்துச் சொல்லுப்பா. நூறத் தாண்டினா நேரா ஆஸ்பத்திரிதான்."

என்னை அப்படிக் கேலியில்லாமல் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. தெர்மாமீட்டரை உதறினேன், உன் நாக்கடியில் வைத்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். நீ கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தாய்.

"தொண்ணூத்தொம்போது ஆன்ட்டி."

மறுநாள் போனாய். எலக்ட்ரீசியன் சீட்டே கிடைத்தது. பஸ் படியில் நின்று அந்தத் தாளை ஆட்டிக் காட்டினாய். உன் அப்பா தோளைப் பிடிக்காவிட்டால் அங்கேயே சரிந்திருப்பாய். அடுத்த நாள் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, டெங்கு. ஐந்தாம் நாள், தெருவே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "முந்தியே கூட்டியாந்திருக்கலாம்னாங்களே டாக்டரு" என்று ஆன்ட்டி அதையே சொல்லிச் சொல்லி அழுதார்.

இப்போது நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு. முப்பத்தெட்டுப் பெண்களுக்கு நடுவே ஒற்றை மீசை, அதுவும் பாதிதான் முளைத்தது. நரம்பு கிடைக்காத கையா, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் குத்தினால் ஊசிக்குத்தான் வலிக்கும் என்று வார்டில் பேச்சு. பேச்சைக் கிளப்பியது நான்தான் என்றாலும் பொய்யில்லை. என் அப்பாவே கேன்டீனில் "பையன் மெடிக்கல்" என்கிறாராம்.

உன் சீட்டுக்காகக் காய்ச்சலை நான் மறைத்தேன் என்று ஆன்ட்டி நினைக்கிறார். ஒருமுறை என் தலையைத் தடவி, "சிநேகிதத்துக்காகச் செஞ்ச, உன் மேல தப்பு இல்லப்பா" என்றார். நீயும் அப்படித்தான் நினைத்துப் போயிருப்பாய்.

இல்லை. அந்தப் பாதரசக் கோடு என் கண்ணில் படவே இல்லை. எப்படித் திருப்பினாலும் வெறும் கண்ணாடிதான் தெரிந்தது. அதைப் பார்க்கத் தெரியாது எனக்கு. நர்சு தம்பி என்று கூப்பிட்டுவிட்டார்களே, தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று வெட்கம். வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். தெர்மாமீட்டரைப் படிக்கும் முறையே முதலாண்டில்தான் தெரிந்தது. அன்று வகுப்பில், முகத்தில் எதுவும் தெரியக் கூடாதென்று, சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இன்னமும் யாருக்கு உடம்பு சுட்டாலும் ஆன்ட்டி என்னைத்தான் கூப்பிடுகிறார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போகிறேன். அளந்து, சரியான எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.