யாருக்கும் சொல்லாமல் வாங்கிய ரேம்

14 அக்டோபர் 2019, திங்கள்

கணினி மறுபடியும் நின்றுபோனது. மணப்பெண் கையில் மருதாணி வைக்கும் காட்சி வந்ததும் திரை அப்படியே உறைந்துவிட்டது. கணவர் ரஃபாத் எட்டிப் பார்த்து, "கிழத்துக்கு மூச்சு வாங்குது, விட்டுடு" என்றார். விடுவதா? இத்தனை வருடம் மன்சூராவில் யார் யார் ஸ்டுடியோவுக்கோ படம் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். இது என் பெயரில் போகும் முதல் கல்யாணப் படம். 24ஆம் தேதி வரவேற்பன்று மண்டபத்தில் ஓட வேண்டும். அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆளிடம் போவேன் என்று பெண்ணின் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

15, செவ்வாய்

பெட்டியில் இருப்பது நாலே ஜிபி. ரேம் கூட்டினால் ஓடும். கீழ்வீட்டு லம்லூம் வங்கியில் கணினி பார்ப்பவர், அவரைக் கேட்கலாம். ஆனால் தனியாகப் படம் ஒத்துக்கொண்டிருப்பதைச் சொன்னால், மதியம் லுஹர் தொழுகைக்கு முன் அவர் மனைவி அபீர் மாடிப்படி முழுக்கச் சொல்லிவிடுவாள். முடிக்காத வேலையை வெளியே சொல்லிக் கண் பட வைத்துக்கொள்வார்களா? தங்கையின் மடிக்கணினிக்கு வேண்டும் என்றேன். என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார், பாவம்.

17, வியாழன்

ரேம் இரண்டு வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தால், பள்ளத்தில் பாதிகூட வரவில்லை! இந்தப் பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கம் இடைவெளி. யானைக் காலுக்குக் குழந்தைச் செருப்பு. ரஃபாத் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டானாம் கடைக்காரன். அடுப்படியில் போய் அழுதேன். புதன்கிழமை வருதே — என்ன பண்ணப் போறேன் நான்?

18, வெள்ளி

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பது சும்மாவா? ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கீழே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் மகன் பெயர் சொல்லியே என்னைக் கூப்பிடும் அபீர்தான் பேசினாள்.

"உங்களுக்கு மூணும் அண்ணன்மாரு, தங்கச்சி எங்கேருந்து வந்தாள்னு அன்னைக்கே இவர்கிட்ட கேட்டேன், ஸியாத் உம்மா."

அசடு வழிய நின்றேன். லம்லூம் மேலே வந்து பழைய ரேமைக் கழற்றி அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"ரெண்டும் டிடிஆர் மூணுங்கிற ரகம்தான். ஆனா மடிக்கணினிக்குக் குட்டை, மேசைக் கணினிக்கு நீளம். டிடிஆர் நாலு நீளமா இருந்தாலும் இதுல போகாது. இந்தத் தாய்ப்பலகை பதினாறு ஜிபி வரைக்கும் தாங்கும். ஒரே வேகத்துல ஜோடியா எட்டெட்டு போடுவோம்."

குட்டை இரண்டையும் தன் மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டார். பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். நீளம் இரண்டையும் நாளை அவரே கொண்டு வருகிறார்.

19, சனி

இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினோம். திரை கறுப்பு. எனக்கு உயிரே போனது. ஒன்றைக் கழற்றி மறுபடி அழுத்தினார். வந்தது! பதினாறு ஜிபி என்று காட்டியதும் ஆனந்தத்தில், கூட வந்திருந்த அபீரைக் கட்டிக்கொண்டேன். அவள் சும்மா இருப்பாளா? சாயங்காலத்துக்குள் சுடச்சுட ஃபத்தீர் அடுக்குரொட்டித் தட்டும் பாதி மாடிப்படியும் என் வீட்டில். மருதாணிக் காட்சியில் எல்லோருக்கும் கண் கலங்கியது. பெண்ணின் மாமா ஆடும் ஆட்டம் மட்டும் ரொம்ப நீளம் என்றார்கள். உண்மைதான், வெட்டினேன். இத்தனை கண் பட்டும் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை.

22, செவ்வாய்

முடிந்தது. ஒருநாள் முன்னதாகவே!

25, வெள்ளி

நேற்று மண்டபத்தில் குலவை காதைப் பிளந்தது. கடைசியில் திரையில் என் பெயர். நாதிரா. அவ்வளவு பெரிய எழுத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு வந்து, உங்கள் ஸ்டுடியோ எங்கே என்று கேட்டாள். நான் திணறுவதற்குள் ரஃபாத், "எங்க வீட்டு மூணாவது மாடிதான், வந்து மணியடிங்க" என்றார்.

26, சனி

காலையிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களின் சத்தம். ரஃபாத் சாப்பாட்டு மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, அந்த அறையை எனக்காகக் காலி செய்துகொண்டிருக்கிறார்.